ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் மதுக்கூடங்கள்

மதுக்கூடம் என்பது மது அருந்துவோர் அமர்ந்து குடிக்கவும் உண்ணவும் அமைந்த பொது இடம். பேச்சுவழக்கில் இது 'பார்' எனப்படுகிறது. இசையும் கூட்டமும் சேர்ந்த நகர வகைக்கு 'பப்' என்று பெயர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் இரு வகை மதுக்கூடங்கள் அருகருகே இயங்குகின்றன. ஒன்று, டாஸ்மாக் சில்லறைக் கடையுடன் இணைந்த பார். மற்றொன்று, நட்சத்திர விடுதிக்குள் இருக்கும் பார். இரண்டுக்கும் மது ஒரே அரசு நிறுவனத்தின் கிடங்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் உணவும் உபசரிப்பும் சூழலும் இரண்டிலும் முற்றிலும் வேறு.

இந்த வேறுபாட்டைக் குடிப்போரின் ரசனையையோ வருமானத்தையோ மட்டும் கொண்டு விளக்க முடியாது. தமிழ்நாட்டில் மதுக்கூடத்தின் இருக்கை, விளக்கு, தட்டில் வரும் பண்டம் வரை பலவற்றையும் உரிமச் சட்டமே தீர்மானித்து வந்துள்ளது. அந்தச் சட்டத்தின் வரலாறே இந்த மதுக்கூடங்களின் வரலாறாகவும் இருக்கிறது.

பழந்தமிழ் நூல்களில்

மதுவும் உணவும் சேர்ந்த பொது இடத்தைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சித்திரங்களில் இரண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனாருடையவை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, கள் விற்கும் மனையின் வாசலில் கொடி பறப்பதைச் சொல்கிறது. முற்றத்தில் மணல் பரப்பி மலர் தூவியிருக்கிறார்கள். மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை அங்கே கேட்கிறது. பலரும் புகுந்து செல்லும் இடம் அது. கடை இருப்பதை அறிவிக்கும் அடையாளம், அலங்கரித்த முற்றம், சூடான உணவு, கூட்டம் என்று இன்று ஒரு மதுக்கூடத்தில் எதிர்பார்க்கப்படும் அனைத்தும் அதில் உள்ளன.

பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைப் பாணருக்குச் சொல்கிறது. இன்றைய தொழில் வழித்தடம் அமைந்துள்ள தொண்டை நாட்டுக்கான வழிநூல் அது. வழியில் வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்பதும் அதில் உண்டு. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற வைத்து, முளைத்த தானியத்தைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் புளிக்கவிட்டு, விரலால் பிழிந்தெடுத்த மது. அதனோடு சுட்ட மீன். மதுவைத் தனியாகக் கொடுப்பதில்லை. உணவோடு, விருந்தாகவே கொடுக்கிறார்கள்.

கம்பெனி ஆட்சியும் அப்காரியும்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் குடியிருப்பில் மது விற்கும் இடங்கள் 'பஞ்ச் வீடுகள்' எனப்பட்டன. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நறுமணப் பொருள், நீர் ஆகிய ஐந்தும் சேர்ந்ததால் 'ஐந்து' எனப் பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து பஞ்ச் என்ற பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் புனித ஜார்ஜ் கோட்டை நிர்வாகம் ஒருவர் ஒரு தடவையில் எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு வரம்பு விதித்தது. சாராயமோ பிராந்தியோ அரைப் பைன்ட், ஒயின் ஒரு குவார்ட். மீறினால் கொடுத்த வீட்டுக்காரருக்கும் குடித்த விருந்தினருக்கும் அபராதம். அரசு விதி குடிக்கும் மேசைவரை வந்ததற்கு இது ஆரம்பகாலச் சான்று.

பின்னர் 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள், சாராயம் இரண்டின் உற்பத்தியையும் விற்பனையையும் உரிம முறைக்குள் கொண்டுவந்தது. கடைகள் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைதாரரின் உரிமை குறுகிய காலத்துக்கானது. அடுத்த ஏலத்தில் அது வேறொருவர் கைக்குப் போகலாம். கட்டடத்துக்குச் செலவு செய்ய யாருக்கும் காரணம் இருக்கவில்லை. கள்ளுக்கடை பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்த ஓலைக் கொட்டகைதான். மொந்தையிலும் கலயத்திலும் கள் வந்தது. சுண்டலும் கருவாடும் மீனும் விற்கும் பெண்கள் கடையை ஒட்டி அமர்ந்திருந்தார்கள்.

அதே காலத்தில் மேல்தட்டுக்கு வேறு அறை இருந்தது. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியது. 1873இல் உருவான காஸ்மோபாலிட்டன் கிளப் இந்தியரையும் சேர்த்துக்கொண்டது. நாற்காலி, உணவறை, பெயர் சொல்லி அழைக்கும் பணியாளர், மாதக் கணக்கு எல்லாம் அங்கே உண்டு. கொட்டகை ஒருபுறம், கிளப் மறுபுறம் என்ற பிரிவு இவ்வாறு டாஸ்மாக்குக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அமைந்துவிட்டது.

மதுவிலக்குக் காலம்

ஒத்துழையாமை இயக்கத்தின்போது கள்ளுக்கடை மறியல் தமிழ்நாட்டில் பெரிய அரசியல் நிகழ்வானது. 1921இல் ஈரோட்டில் நடந்த மறியலில் ஈ.வெ. ராமசாமியின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். குடியால் குடும்பம் அழிவதைப் பெண்கள் பொதுமேடையில் பேசத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். மதுக்கூடம் குறித்த பிற்கால விவாதங்கள் எல்லாவற்றிலும் இந்தக் குரல் தொடர்கிறது.

சி. ராஜகோபாலாச்சாரியின் அமைச்சரவை 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்குக்குள் வந்தது. வெளிநாட்டவருக்கும் உடல்நலக் காரணம் காட்டியவர்களுக்கும் மட்டும் அனுமதிச் சீட்டு கிடைத்தது.

ஒரு தலைமுறைக் காலம் சாதாரண மக்களுக்குச் சட்டப்படியான மதுக்கூடம் என்ற ஒன்றே இல்லை. மாலையில் ஆண்கள் கூடிப் பேசும் இடமாகத் தேநீர்க் கடையும் காப்பி ஓட்டலும் மாறின. குடித்தவர்கள் மறைவாகக் குடித்தார்கள். மறைவாகக் குடிப்பவர் விரைவாகக் குடிக்கிறார். உட்கார்ந்து, உண்டு, பேசி, எழுந்து போகும் பழக்கம் வளர இடமில்லாமல் போனது.

1971 முதல் 2003 வரை

மு. கருணாநிதி அரசு 1971 ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973–74இல் சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. எம்.ஜி. ராமச்சந்திரன் அரசு 1981இல் விற்பனையை மறுபடியும் அனுமதித்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டு மொத்த விற்பனை முழுவதும் அதன் கைக்கு வந்தது. 1987இல் சாராயமும் கள்ளும் தடைசெய்யப்பட்டன. 1990இல் வந்த மலிவு விலை மது 1991இல் நிறுத்தப்பட்டது.

இந்த மாற்றங்களால் மதுக்கூடத்துக்கு இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. கள் விலகியதால், அதைச் சுற்றியிருந்த கிராமத்து உணவுப் பழக்கமும் விலகியது. அண்டை மாநிலமான கேரளத்தில் கள்ளுக்கடை இன்றும் மரவள்ளிக்கிழங்குக்கும் மீன் கறிக்கும் பெயர்பெற்ற உணவிடமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. இரண்டாவதாக, கள்ளின் இடத்தை இந்தியாவில் தயாராகும் அயல்நாட்டு வகை மது பிடித்தது. இது 180 மில்லி குப்பியில், 'குவார்ட்டர்' என்ற அளவில், சாதாரண மக்களின் மதுவானது. ஒயின் பெரும்பாலும் விற்காத கடைக்கு 'ஒயின் ஷாப்' என்ற பெயர் நிலைத்ததும் இந்தக் காலத்தில்தான். தனியார் ஏலத்தில் எடுத்த அக்கடைகளின் பின்புறத்தில் பார்கள் இயங்கின.

டாஸ்மாக் பாரின் பொருளாதாரம்

2003ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஜெ. ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே ஒப்படைத்தது. 2003–04இல் சுமார் 3,639 கோடி ரூபாயாக இருந்த மதுவழி அரசு வருவாய் 2023–24இல் 45,855 கோடியானது.

இந்த ஏற்பாட்டில் கடை அரசுடையது. கடையின் பணியாளர்கள் டாஸ்மாக் ஊழியர்கள். பக்கத்தில் உள்ள பார் மட்டும் தனியாருக்கு டெண்டரில் விடப்படுகிறது. டெண்டர் எடுத்தவருக்கு மது விற்கும் உரிமை கிடையாது. தின்பண்டங்களை விற்பதும் காலி பாட்டில்களைச் சேகரிப்பதுமே அவருடைய உரிமை. அதற்காக அவர் அரசுக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறார். வாடிக்கையாளர் கடையின் கம்பிவலைக்கு முன் நின்று பாட்டிலை வாங்கிக்கொண்டு பாருக்குள் போகிறார்.

டாஸ்மாக் பாரில் வாடிக்கையாளர் காணும் பலவற்றுக்கும் இதில் விளக்கம் உள்ளது. பார்காரருக்கு மதுவில் பங்கில்லாததால் தண்ணீர், தம்ளர், பனிக்கட்டி, சைடு டிஷ் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கட்டணம் கட்டி மீதம் பார்க்க வேண்டுமானால் நாற்காலி விரைவில் காலியாக வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினால் அவருக்கு நட்டம். டெண்டர் காலம் குறுகியது என்பதால் தரைக்கும் கழிப்பறைக்கும் செலவு செய்தாலும் அதன் பயனை அடுத்தவர்தான் அடைவார். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஈரத் தரை, ஒற்றைக் குழல்விளக்கு என்று பலரும் விவரிக்கும் தோற்றம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. பழைய அப்காரி ஏலத்தின் ஓலைக் கொட்டகையிலும் இதே கணக்குத்தான் இருந்தது.

உணவில் மட்டும் நிலைமை சற்று வேறு. பார்காரருக்கு உள்ள முறையான வருமானத்தில் முதன்மையானது சமையல்தான். எனவே அதில் அக்கறை காட்டுபவர்கள் உண்டு. வேர்க்கடலை, சுண்டல், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், அவித்த முட்டை, ஆம்லெட், ஈரல், குடல், காடை, மீன் வறுவல் ஆகியவை வழக்கமானவை. சென்னை புகாரி உணவகத்தில் 1965இல் தோன்றியதாகச் சொல்லப்படும் சிக்கன் 65 ஏறத்தாழ எல்லா பார்களிலும் கிடைக்கிறது. பாரின் பெயரைவிட அங்கே கிடைக்கும் போட்டி வறுவலுக்காக ஒரு இடத்தைச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது.

உபசரிப்பு என்பது மேசை துடைக்கும் பையனின் வேகத்தைப் பொறுத்தது. அவரே தண்ணீர் கொண்டுவருகிறார். அவரே காலி பாட்டிலை எடுத்துச் செல்கிறார். கடை முகப்பில் கேட்ட பிராண்டு இல்லாமல் இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்வதும், பீர் குளிர்ந்திருக்காததும், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதும் நீண்டகாலப் புகார்கள். போட்டிக் கடை இல்லாத இடத்தில் வாடிக்கையாளரின் புகாருக்கு வலு குறைவு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலம் விதித்த தடை, பார்களின் அடையாளமாக இருந்த பிளாஸ்டிக் தம்ளரையும் தண்ணீர்ப் பாக்கெட்டையும் சட்டவிரோதமாக்கியது. 2022இல் நீலகிரியில் தொடங்கிய காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் பத்து ரூபாயை வாடிக்கையாளருக்கே திருப்பித் தருகிறது. பார்காரரின் மற்றொரு வருமானமான காலி பாட்டிலைத் தொடும் திட்டம் இது.

விடுதி பாரும் பப்பும்

1981ஆம் ஆண்டின் மது உரிம விதிகளின்படி கிளப்புகளுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர விடுதிகளுக்கு எஃப்.எல்.3 என உரிமங்கள் வழங்கப்படுகின்றன. தனியாக நிற்கும் உணவகம் ஒன்று பார் உரிமம் பெறுவதற்குத் தமிழ்நாட்டில் எளிய வழி இல்லை. எனவே சென்னையின் பெயர்பெற்ற பப்கள் விடுதிகளுக்குள்ளேயே தோன்றின. பார்க் ஷெரட்டனின் டப்ளின், ரெசிடென்சி டவர்ஸின் பைக் அண்ட் பேரல், தி பார்க் விடுதியின் லெதர் பார் ஆகியவை அதற்கு எடுத்துக்காட்டுகள்.

இதே நெடுஞ்சாலையின் மறுமுனையான பெங்களூரில் நிலைமை வேறு. கர்நாடகத்தில் உணவகம் தன்னளவிலேயே பார் உரிமம் பெற முடியும். அதனால் 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கே தெருவோரப் பப்கள் பெருகின. நடுத்தர வருமானம் உள்ளவரும் அமர்ந்து ஒரு பீர் குடித்து உண்ணக்கூடிய இடங்கள் உருவாயின. தமிழ்நாட்டில் இந்த நடுத்தர அறைக்கு உரிமத்தில் இடமில்லை. கம்பிவலைக் கடைக்கு அடுத்த படியே நட்சத்திர விடுதியாக இருந்தது. 2010களில் டாஸ்மாக் தொடங்கிய எலைட் கடைகள் விலை உயர்ந்த மதுவைத் தேர்ந்து வாங்கும் வசதியைத் தந்தன. ஆனால் அவை வாங்கிச் செல்லும் கடைகள்தாம். அமர்ந்து குடிக்கும் இடத்தைப் பற்றிய கேள்விக்கு அவற்றில் விடையில்லை.

விடுதி பாரில் மதுவை விற்பதும் விடுதியே. இலாபம் பெக்கிலிருந்து வருவதால் வாடிக்கையாளர் நேரம் எடுத்து அமர்வது விடுதிக்கு நல்லது. எனவே குளிரூட்டல், மென்விளக்கு, கேட்காமலே வரும் கடலை, பனிக்கட்டி, சீருடைப் பணியாளர் எல்லாம் கிடைக்கின்றன. அதற்கு ஈடாக, கடையில் வாங்கும் மதுவே இங்கே பல மடங்கு விலைக்கு விற்கிறது.

தொழில் வழித்தடத்தில்

ராமானுஜர் பிறந்த தலமாக அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், 1996இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் அடிக்கல் நாட்டியபின் வேகமாக மாறத் தொடங்கியது. அங்கே 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்து 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் டெய்ம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் விரிந்தன. கொரிய, ஜப்பானிய, ஜெர்மானியப் பொறியாளர்களும், தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளரும் இங்கே சேர்ந்தனர். பீகார் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு மாநிலம் என்பதால், அங்கிருந்து வரும் இளைஞர் பலர் சட்டப்படியான மதுக்கடையை முதலில் பார்ப்பது இங்கேதான்.

வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கள் நாட்டுக் குடிவழக்கத்தை உடன் கொண்டுவந்தார்கள். கொரியாவில் மதுவோடு உண்பதற்கென்றே அமைந்த உணவுவகைக்கு 'அன்ஜு' என்று பெயர். வேலை முடிந்தபின் குழுவாக உண்டு குடிக்கும் 'ஹ்வேசிக்' அலுவலக வாழ்வின் பகுதி. மூத்தவருக்கு இரு கையாலும் ஊற்றுவது மரியாதை. ஜப்பானின் 'இசகாயா' என்ற எளிய மதுக்கூடத்தில், அமர்ந்ததும் ஒரு சிறு கிண்ணப் பண்டமும் ஈரத் துண்டும் வருகின்றன. உணவில்லாத மது இரு நாட்டிலும் அரைகுறையாகவே கருதப்படுகிறது. இவர்களை எதிர்பார்த்து வழித்தடத்தின் விடுதிகளில் கொரிய, ஜப்பானியச் சமையலும் அவற்றுக்கேற்ற பட்டியலும் வந்தன. இங்கு வழக்கமான வாடிக்கையாளர் நீண்டகாலம் தங்கும் பொறியாளர் என்பதால், நடன மேடையும் உரத்த இசையும் உள்ள நகரப் பப்பைவிட அமைதியான உணவறையே பெரும்பாலும் தேவைப்படுகிறது.

தொழிலாளரின் அனுபவத்தை நேரமும் வடிவமைக்கிறது. டாஸ்மாக் கடைகள் 2016 மே மாதம் முதல் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. ஆலைகளோ மூன்று ஷிப்டுகளில் ஓடுகின்றன. இரண்டாம் ஷிப்டு முடித்து வருபவர் அடைத்த கடையையோ, அடைக்கப்போகும் கடையின் நெரிசலையோ காண்கிறார். இரவு ஷிப்டு முடித்தவருக்குக் காலையில் கடை இல்லை. இந்த இடைவெளியில் வளர்வது, டாஸ்மாக் பாட்டிலையே கூடுதல் விலைக்கு மறைவாக விற்கும் 'சந்துக்கடை'. அங்கே உணவும் இல்லை, உட்காரும் இடமும் இல்லை.

மின்னணு ஆலைகளின் தொழிலாளரில் பெரும்பகுதி பெண்கள். டாஸ்மாக் பாருக்குள் பெண்கள் போகக் கூடாதென்று சட்டம் இல்லை. ஆயினும் அது முழுக்க ஆண்களின் இடமாகவே இருக்கிறது. மாலையில் விடுதிக்குத் திரும்பும் பெண்களுக்கு அந்தக் கடையின் முகப்பு கடந்துபோக வேண்டிய ஓர் இடம் மட்டுமே. மதுக்கூடத்தின் சூழல் என்பதில் வெளியே நடப்பவர்களின் அனுபவமும் அடங்கும்.

நெடுஞ்சாலைத் தீர்ப்பு

பா.ம.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடர்புடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்றது. குடிபோதையில் வண்டி ஓட்டி நேரும் மரணங்களே இதற்குக் காரணம். 2017 மார்ச் 31 அன்று, இருபதாயிரத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளில் இந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. விடுதிகளும் பார்களும் இதற்குள் அடங்கும் என்பதும் தெளிவுபடுத்தப்பட்டது. மறுநாள் தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன.

சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையையும், வண்டலூர்–வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலைகளையும் முதுகெலும்பாகக் கொண்ட இந்த வழித்தடத்தில் தீர்ப்பின் தாக்கம் இயல்பாகவே அதிகம். சாலையை விட்டு விலகிய கடை ஊருக்குள் நுழைந்தது. மாநிலம் முழுவதும் பெண்கள் புதிய கடைகளை எதிர்த்துத் திரண்டனர். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் நடந்த மறியலில் காவல்துறை தடியடி நடத்தியது நாடெங்கும் பேசப்பட்டது. நகராட்சி எல்லைக்குள் உள்ள சாலைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது.

பார் இல்லாத கடைகள் கூடியபோது குடிப்பவர்கள் ஏரிக்கரைக்கும் காலி மனைக்கும் போனார்கள். பொது இடத்தில் குடிப்பது சட்டப்படி குற்றம். அங்கே விற்பவர் எவரும் இல்லாததால் அளவைக் கவனிக்கவும் ஆளில்லை. உடைந்த கண்ணாடி வயலில் கிடக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இது மேலும் வெளிப்பட்டது. 2020 மே மாதம் கடைகள் திறந்தன. பார்கள் பல மாதங்கள் மூடியே இருந்தன. விற்பனை நடந்தது, குடிக்கும் இடம் மட்டும் இல்லை.

2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி பார் நடத்த டெண்டர் விடும் அதிகாரம் டாஸ்மாக் நிறுவனத்துக்கு இல்லை என்று கூறி, பார்களை ஆறு மாதத்துக்குள் மூட உத்தரவிட்டார். டாஸ்மாக் மேல்முறையீடு செய்தது, பார்கள் தொடர்ந்தன. 2023 ஜூன் 22 அன்று மாநிலத்தின் 5,329 கடைகளில் 500 மூடப்பட்டன.

கார்லைல்: ஒரு ஒப்பீடு

தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் அரசே மது விற்பது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. முதல் உலகப் போரின்போது, ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னாவில் பிரிட்டன் மாபெரும் வெடிமருந்து ஆலையை அமைத்தது. அதைக் கட்ட வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூலி வாங்கிய மாலையில் அருகிலுள்ள கார்லைல் நகரில் குடித்துத் தெருக்களை நிறைத்தனர். 1916இல் அரசு அப்பகுதியின் மதுபான ஆலைகளையும் பப்களையும் விலைக்கு வாங்கித் தானே நடத்தத் தொடங்கியது.

பல பப்கள் மூடப்பட்டன. மீதமிருந்தவற்றில் உணவறை, அமர்ந்து பேசும் இடம், நல்ல வெளிச்சம் அமைக்கப்பட்டன. ஹாரி ரெட்ஃபெர்ன் என்ற கட்டடக் கலைஞர் பின்னாளில் அங்கே புதிய பப்களை வடிவமைத்தார். மேலாளருக்குச் சம்பளம் உண்டு. மது விற்பனையில் தரகு கிடையாது. உணவு விற்றால் தரகு உண்டு. அதிகம் குடிக்க வைப்பதில் யாருக்கும் இலாபம் இருக்கக் கூடாது என்பது கொள்கை. இந்த ஏற்பாடு 1973 வரை நீடித்தது.

டாஸ்மாக் பார்காரரும் மதுவில் அல்ல, உணவில்தான் சம்பாதிக்கிறார் என்பது மேலோட்டமாக இதைப் போன்றே தெரியலாம். ஆனால் கார்லைலில் அறை அரசின் சொத்து. அதன் தூய்மைக்கும் உணவின் தரத்துக்கும் அரசே பொறுப்பு. தமிழ்நாட்டில் அரசு பாட்டிலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு அறையை டெண்டரில் விட்டது. அறையின் நிலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்த இடைவெளியில் விழுந்துவிட்டது.

மதிப்பீடு

மதுக்கூடத்தை மேம்படுத்துவது குறித்துத் தமிழ்நாட்டில் வெளிப்படையாகப் பேசுவது கடினம். பாரைச் சீராக்கினால் அது குடியை ஊக்குவிப்பதாகும் என்று மதுவிலக்குக் கோருவோர் கருதுகின்றனர். இளைஞரைக் கவரும் இடமாக அது மாறிவிடும் என்ற பெண்களின் அச்சத்துக்குக் குடும்பங்களில் கண்ட அனுபவம் அடிப்படையாக இருக்கிறது. மது விற்பனையைக் கொள்கையாக ஏற்றதாகத் தோன்ற விரும்பாத அரசுகளும் பாரைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தே வந்துள்ளன.

மறுபக்க வாதமும் உண்டு. விற்பனை தொடரும்வரை, பத்து நிமிடத்தில் வெறும் வயிற்றில் குவார்ட்டரைக் காலிசெய்துவிட்டு இருசக்கர வண்டியில் நெடுஞ்சாலை ஏறுபவர் சாலைக்கும் தன் வீட்டுக்கும் ஆபத்தானவர். அமர்ந்து, உண்டு, நேரம் எடுத்துக் குடிக்கும் இடம் அவருக்கு விடுதி விலையில் மட்டுமே கிடைக்கிறது. ஒரகடத்தில் ஒரே உற்பத்தி வரிசையில் பணிபுரியும் பொறியாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் மாலையில் ஒரே கிடங்கின் மதுவைக் குடிக்கலாம். ஒருவருக்கு ஈரத் துண்டும் சூடான உணவும் வருகின்றன. மற்றவருக்குத் தண்ணீர்கூடக் காசு கொடுத்தால்தான் வருகிறது. முன்னவரின் அறை 1981ஆம் ஆண்டு விதிகளின் ஒரு பிரிவில் அமைந்தது. பின்னவரின் அறை 2003க்குப் பிந்தைய டெண்டர் நிபந்தனைகளில் அமைந்தது.